உடைந்த கண்ணாடியும் உடைந்த கிண்ணமும்

வீட்டின் உறுப்புகளில் ஜன்னல் கண்ணாடியைப் போலத் தன்னை மறைத்துக்கொண்டு தொண்டு செய்வது வேறொன்றில்லை. கதவைத் திறக்கிறோம், மூடுகிறோம். அதன் ஓசை காதில் விழுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம்; அதன் வெண்மை கண்ணில் படுகிறது. கண்ணாடியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதன் வழியே வந்து தரையில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறோம். உடைந்த அன்றுதான் அப்படி ஒரு பொருள் அங்கே இருந்தது என்பதே நினைவுக்கு வருகிறது.

திருமறை கண்ணாடியை மறக்கவில்லை. ‘அந்நூர்’ என்னும் 24ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் இறைவனின் ஒளிக்கு உவமை கூறும்போது மாடத்தையும், அதிலுள்ள விளக்கையும், விளக்கைச் சூழ்ந்த கண்ணாடியையும் எடுத்துக்காட்டுகிறது. எகிப்தில் மம்லூக் மன்னர்கள் ஆண்ட காலத்தில் பள்ளிவாசல்களில் தொங்கவிடப்பட்ட கண்ணாடி விளக்குகள் பலவற்றில் இவ்வசனத்தையே எழுத்தோவியமாகத் தீட்டினார்கள். ‘அந்நம்ல்’ என்னும் 27ஆம் அத்தியாயத்திலோ, ஸபா நாட்டு அரசி சுலைமான் நபி (அலை) அவர்களின் மாளிகைக்கு வந்து, பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைச் சற்றே உயர்த்திய நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. நம் தமிழில் மணிமேகலைக் காப்பியத்திலும் ஒரு பளிக்கறை உண்டு. அதனுள் ஒளிந்திருந்த மணிமேகலையின் உருவம் பளிங்கினூடே உதயகுமரன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒளியைத் தருவதும் கண்ணாடி. கண்ணை மயக்குவதும் கண்ணாடி. மறைக்கவேண்டியதைக் காட்டிக்கொடுப்பதும் கண்ணாடியே.

சைதாப்பேட்டையில் எங்கள் வீடு இருக்கும் சந்தின் அகலத்தை அறிந்தவர்களுக்கு இந்த மூன்றாவது குணம் நன்கு விளங்கும். எதிர்வீட்டுத் திண்ணைக்கும் எங்கள் ஜன்னலுக்கும் இடையில் பத்தடி தூரம் இருந்தால் அதிகம். எனவே தெருப்பக்கத்து ஜன்னலுக்குத் தெளிந்த கண்ணாடி ஆகாது. கடைக்காரர்கள் ‘பின்ஹெட்’ என்று சொல்லும் புள்ளிக் கண்ணாடியை, வீடு கட்டிய காலத்திலேயே வாப்பா போட்டுவைத்தார்கள். வெளிச்சம் உள்ளே வரும், பார்வை வராது. ஒளியைப் பேசும் அதே அந்நூர் அத்தியாயத்தில், 35ஆம் வசனத்துக்குச் சற்று முன்னால் 27ஆம் வசனத்தில், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழையவேண்டாம் என்ற கட்டளை இருக்கிறது. 30, 31ஆம் வசனங்களில் ஆணும் பெண்ணும் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி அறிவுரை இருக்கிறது. ஒளியை விடு, பார்வையை நிறுத்து என்னும் இரண்டு வேலைகளையும் அந்தச் சிறு கண்ணாடித் துண்டு எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது.

அந்த ஜன்னலில் நான்கு கண்ணாடிகள். மேல்வரிசையில் ஒன்றை வர்தா புயல் கொண்டுபோயிற்று. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ரபீவுல் அவ்வல் மாதம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று சென்னையைத் தாக்கிற்று. மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்கு முந்திய ஆண்டு இதே டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைக்குள் புகுந்ததைக் கண்டிருந்த மக்கள், ஒரு கண்ணாடி போனதற்காகக் கலங்கவில்லை. ‘அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்குச் சேதமில்லை’ என்று சொல்லிப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். காற்றின் மீது வழக்கு இல்லை. யாரிடம் போய் ஈடு கேட்பது?

மனிதக் கையால் உடைவது வேறு. கீழ்வரிசைக் கண்ணாடி ஒன்று, சென்ற கோடை விடுமுறையில், சந்தில் பிள்ளைகள் ஆடிய பந்து பட்டு உடைந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த பட்டி பல வருட வெயிலில் காய்ந்து உதிர்ந்திருந்ததால், ரப்பர் பந்தின் அடியையே அது தாங்கவில்லை. உள்ளே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த என் மனைவி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடி போன சதுரத்தின் வழியாகத் தெரு முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. அட்டையை ஒட்டி மறைத்தோம், வெளிச்சமும் போயிற்று.

பந்தை அடித்தவன் பத்து வயதுச் சிறுவன். சந்தின் முனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்த்துப் பிழைப்பவரின் மகன். மாலையில் தந்தை மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனின் கன்னத்தில் விரல்களின் அடையாளம் இருந்தது. “பாயம்மா, பையன் தப்புப் பண்ணிட்டான். என்ன செலவு ஆகுமோ சொல்லுங்க, கொடுத்துடறேன்” என்று என் உம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசற்படியை விட்டு ஏறாமல் நின்றார்.

வீட்டுக்குள் இரண்டு கருத்துகள் எழுந்தன. “அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவரிடம் போய்க் காசு வாங்குவதா? பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்” என்றாள் மனைவி. “வாங்காவிட்டால் நாளைக்கு அடுத்த கண்ணாடி உடையும். முழுச் செலவையும் வாங்கினால்தான் பயம் இருக்கும்” என்றார், அன்று வந்திருந்த அவளுடைய அண்ணன். ஒன்று இரக்கத்தின் குரல். மற்றது நியாயத்தின் குரல். இரண்டும் கேட்பதற்குச் சரியாகவே இருந்தன.

உம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவர்கள் கற்றதெல்லாம் திருக்குர்ஆன் ஓதவும், பழைய அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் படிக்கவும்தான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாசலில் நின்றவரை நோக்கிச் சொன்னார்கள்: “தம்பி, கண்ணாடி விலை உங்கள் பங்கு. பட்டி காய்ந்துபோனது காலத்தின் வேலை. அதற்குப் பிள்ளை என்ன செய்வான்? பட்டியும் ஆசாரி கூலியும் எங்கள் பங்கு. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதற்காகப் பையனை இனி அடிக்கக்கூடாது.”

அவர் தலையை நிமிர்த்தி, “சரிங்க பாயம்மா” என்றார். கண்ணாடியின் விலை அவருடைய ஒருநாள் வரும்படியில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. மறுநாள் காலையில் அதை எண்ணி உம்மாவின் கையில் கொடுத்தார். உம்மாவும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

அவர் போனபின் மனைவியின் முகத்தில் வருத்தம் இருந்ததைக் கண்டு, உம்மா ஒரு நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியருள் ஒருவர் இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு துணைவியார் பணியாள் மூலம் ஒரு கிண்ணத்தில் உணவு அனுப்பினார்கள். வீட்டிலிருந்த அன்னையார் ரோஷத்தால் பணியாளின் கையைத் தட்டிவிட, கிண்ணம் விழுந்து உடைந்தது. அண்ணலார் கோபிக்கவில்லை. உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தார்கள். சிதறிய உணவையும் திரட்டினார்கள். அங்கிருந்தோரிடம், உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்ற கருத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார்கள். அதன் பிறகு பணியாளை நிறுத்திவைத்து, அவ்வீட்டிலிருந்தே ஒரு முழுக் கிண்ணத்தை வரவழைத்து, கிண்ணத்தை இழந்த அன்னையாருக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் மேடைகளில் சொல்கிறார்கள். அதில் பொறுமையோடு ஒரு தீர்ப்பும் இருக்கிறது. உடைந்தது போகட்டும் என்று பெருமானார் (ஸல்) விட்டுவிடவில்லை. கிண்ணத்துக்குக் கிண்ணம் ஈடு செய்யப்பட்டது. அதே வேளையில், உடைத்தவரின் மானத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. பிறர் முன்னிலையில் அவரை ‘உங்கள் அன்னை’ என்றே குறிப்பிட்டார்கள். பொருளை இழந்தவரின் உரிமை, பொருளை உடைத்தவரின் கண்ணியம் ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் காப்பாற்றப்பட்டன.

மார்க்கச் சட்டம் வகுத்த இமாம்களும் இந்த இரண்டையும் பிரித்தே பார்த்தார்கள். பருவம் எய்தாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆயினும் அப்பிள்ளை பிறர் பொருளை அழித்தால், அதற்குரிய ஈடு நீங்கிவிடுவதில்லை என்பது அவர்கள் முடிவு. குற்றம் வேறு, ஈடு வேறு. பையனை அடிப்பது குற்றத்துக்குத் தண்டனை. அங்கே குற்றமே எழுதப்படவில்லை. கண்ணாடியின் விலை ஈடு. அது தண்டனை அன்று. உம்மா இரண்டே வாக்கியங்களில் முதலாவதைத் தடுத்து, இரண்டாவதை ஏற்றுக்கொண்டார்கள்.

‘அல்அன்பியா’ என்னும் 21ஆம் அத்தியாயத்திலும் இப்படி ஒரு வழக்கு வருகிறது. ஒருவரின் ஆடுகள் இரவில் மற்றொருவரின் விளைநிலத்தில் புகுந்துவிட்டன. அவ்வாடுகளை நிலத்துக்காரருக்கே கொடுத்துவிடும்படி தாவூத் நபி (அலை) தீர்ப்பளித்தார்கள் என்றும், மைந்தர் சுலைமான் நபி (அலை) வேறொரு வழி கூறினார்கள் என்றும் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நிலம் பழையபடி விளையும்வரை ஆட்டுக்காரர் அதைப் பண்படுத்த வேண்டும். அதுவரை ஆடுகளின் பால் முதலிய பயனை நிலத்துக்காரர் அடைய வேண்டும். பிறகு அவரவர் பொருள் அவரவரிடம் சேர வேண்டும் என்பதே அந்த வழி. இழந்தவருக்கு இழந்தது கிடைத்தது. இழப்புக்குக் காரணமானவரின் பிழைப்பும் பறிபோகவில்லை.

‘பரவாயில்லை’ என்னும் சொல் நம்மிடையே பெருந்தன்மையின் அடையாளமாகிவிட்டது. கொடுக்க இயலாதவரிடம் அதைச் சொல்வது உயர்ந்த செயல்தான். கடன்பட்டவர் இடுக்கணில் இருந்தால் அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது அதனினும் நல்லது என்று அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. ஆனால், கொடுக்க முடிந்தவர் கொடுப்பதற்கென்றே வாசலில் வந்து நிற்கும்போது அதே சொல்லைச் சொன்னால், அவர் நமக்கு நிகரான அண்டைவீட்டார் என்ற நிலையிலிருந்து, நம் தயவில் இருப்பவர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார். பிறகு அவர் நம் வாசலைத் தலைகுனிந்தே கடக்க நேரும். வாங்கிக்கொள்வதும் சில வேளைகளில் கொடுப்பதைப் போன்ற கொடையாகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்தார். பழைய பட்டியை உளியால் சுரண்டி, துருப்பிடித்த சிறு ஆணிகளைப் பிடுங்கி, சட்டத்தின் காடியைச் சுத்தம் செய்து அளவெடுத்தார். காடியின் அளவுக்குக் கண்ணாடியை வெட்டக்கூடாது. நீளத்திலும் அகலத்திலும் ஒரு நூல் குறைக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதும். இடைவெளி இல்லாவிட்டால் கண்ணாடி தானே வெடித்துவிடும். பஜார் சாலைப் பக்கத்துக் கடையில், கத்தியின் சிறு சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டுக் கண்ணாடியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார்கள். அதே கோட்டில் மறுபடி இழுத்தால் பிளவு நேரே போகாது. பிறகு மேசையின் விளிம்பில் வைத்து ஓர் அழுத்தம். கோட்டின்படி பிரிந்து வந்தது.

தெளிந்த கண்ணாடித் தகடுகள், உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுபவை. 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த இம்முறையில், நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி தயாராகிறது. புள்ளிக் கண்ணாடியோ புள்ளிகள் செதுக்கிய உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கப்படுவது. அந்தப் புள்ளிகள்தாம் ஒளியைச் சிதறடித்து உருவத்தை மறைக்கின்றன.

சிறுவன் யாரும் அழைக்காமலே வந்து நின்றான். சுண்ணத்தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துப் பட்டி பிசையும் வேலையை ஆசாரி அவனிடம் கொடுத்தார். காடியில் மெல்லிய படிவாகப் பட்டி பூசி, கண்ணாடியை அமர்த்தி, சிறு ஆணிகளால் நிறுத்தி, வெளிப்புறம் மழைநீர் வழிந்தோடும்படி பட்டியைச் சரிவாக இழுத்தார்கள். பட்டி இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகே வர்ணம் பூசவேண்டும் என்று ஆசாரி சொல்லிப்போனார். அந்த வாரங்களில் பிள்ளைகள் தாமாகவே ஆட்டத்தைச் சந்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

உடைந்த துண்டுகளை உம்மா குப்பைக் கூடையில் போடவிடவில்லை. பழைய செய்தித்தாள்களில் பல மடிப்பாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதச் சொன்னார்கள். காலையில் குப்பை வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளரிடம், இன்னதென்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நபிமொழி. நம் வீட்டுத் தொல்லையைப் பிறர் கைக்குக் காயமாக்காமல் இருப்பதும் அதில் அடங்கியதுதான்.

குடும்பங்களில் உடைகிற பொருள்கள் எத்தனையோ. பாத்திரம் உடைகிறது, வாக்கு உடைகிறது, ஒரு சொல்லால் மனமும் உடைகிறது. உடைத்தவர் ஈடு செய்ய வரும்போது, முகம் பார்த்து வாங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அனஸ் (ரலி) அவர்களின் அந்த அறிவிப்பு, முழுக் கிண்ணம் போய்ச் சேர்ந்ததோடு முடியவில்லை. உடைந்த கிண்ணத்தை, அது எந்த இல்லத்தில் உடைந்ததோ அந்த இல்லத்திலேயே பெருமானார் (ஸல்) அவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்ற செய்தியோடு முடிகிறது.