காலி நிலம் என்னும் சொல்

மைசூரு யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இயங்கியது. செக்கோஸ்லோவாக்கிய நிறுவனத்தின் உரிமத்தோடு 1960 முதல் ஜாவா மோட்டார் சைக்கிள்களும், பின்னர் யெஸ்டி என்னும் பெயரிலான வண்டிகளும் அங்கே உருவாயின. 1996இல் உற்பத்தி நின்றது. நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் நகரில் உண்டு. தொழிற்சாலையின் பெயர் அவர்களால் வாழ்கிறது.

ஓர் ஆலை மூடப்பட்டால் இயந்திரம் ஏலத்துக்குப் போகும். தொழிலாளர் வேறு வேலை தேடிப் போவர். நிலம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். நகரம் வளர வளர அதன் விலை ஏறும். பிறகு நில வரைபடத்தில் ஒரு சொல் மாறும்: ‘தொழில்’ என்றிருந்த இடத்தில் ‘குடியிருப்பு’ என்று எழுதப்படும். சென்னைப் பெரம்பூரில் பின்னி ஆலை நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தது இவ்வழியில்தான். நகரங்களுக்கு வீடுகள் தேவை என்பதில் ஐயமில்லை. யாருக்கான வீடுகள் என்பதே வினா. அதற்கான விடை சில வேளைகளில் ஒரே சொல்லின் பொருளில் தங்கிவிடுகிறது. மும்பை இதற்குச் சான்று.

மும்பையில் 58 பஞ்சாலைகள் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தில் பரவியிருந்தன. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் அவை ஒவ்வொன்றாக நலிந்தன. 1991இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை மறுவளர்ச்சி செய்யும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குப் பொதுவெளியாகவும், மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்காகவும் செல்ல வேண்டும் என்றது. எஞ்சியது உரிமையாளருக்கு. 2001இல் விதி திருத்தப்பட்டது. இனிப் பங்கிட வேண்டியது ‘காலி நிலம்’ மட்டுமே.

எது காலி நிலம்? ஆலைக் கட்டடங்களை இடித்தபின் வெறுமையாகும் நிலமும் அதில் அடங்கும் என்று 2005இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பொருள் கொண்டது. அடங்காது, முன்பே கட்டடமின்றிக் கிடந்த நிலம் மட்டுமே என்று 2006 மார்ச் 7 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கட்டடங்களால் நிறைந்திருந்தது. ஆகவே பொதுப் பங்கு வெகுவாகச் சுருங்கியது. நில விற்பனைப் பணத்தால்தான் நலிந்த ஆலைகளை மீட்கவும் தொழிலாளர் நிலுவையைத் தீர்க்கவும் முடியும் என்ற வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் இழப்பு இழப்பே. ஆலைத் தொழிலாளர்க்கான வீட்டுக் குலுக்கல் 2012இல் நடந்தபோது, சில ஆயிரம் வீடுகளுக்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர்.

தமிழில் இவ்விரு பொருளையும் வினைவடிவமே பிரித்துக் காட்டும். ‘காலியாக இருந்த நிலம்’ என்பது ஒரு நிலையைச் சுட்டுகிறது; ‘காலியாக்கப்பட்ட நிலம்’ ஒரு செயலின் விளைவைச் சுட்டுகிறது. இரண்டாவதில் செயலுக்கு உரியவர் சொல்லப்படவில்லை எனினும், ஒருவர் உண்டு என்பது மறையாது. யார் காலியாக்கினார், யாரைக் காலியாக்கினார் என்று கேட்க இலக்கணமே இடம்தருகிறது. வெறும் ‘காலி நிலம்’ என்னும் தொடரோ அவ்வினாவை எழவே விடுவதில்லை. அங்கே எப்போதும் எவரும் இருந்ததில்லை என்பது போல அது ஒலிக்கிறது.

கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கென 14ஏ என்னும் பிரிவு உள்ளது. மாற்றம் பொதுநலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். நாளிதழில் அறிவித்து மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அவ்வகை அறிவிப்புகள் சிறிய எழுத்தில், புல எண்களோடு, எவரும் புரட்டிக் கடக்கும் பக்கத்தில் வருகின்றன. மைசூருவிலோ வேறு நகரிலோ ஓர் ஆலை நிலம் அடுத்த முறை குடியிருப்பாக மாறும்போது, கட்டடத்தின் உயரத்தைப் பற்றி வாதிடுவோர் பலர் இருப்பர். அதற்கு முன்பே, அந்த அறிவிப்பை வாசித்து, அதிலுள்ள சொற்களுக்கு வரையறை கேட்பவர் ஒருவராவது வேண்டும். கட்டடம் எழுந்தபின் சொல்லைத் திருத்துவது அரிது.