நிற்காத காகிதம்

சாமராஜேசுவரர் ஆலயத்துக்குப் பின்புறத் தெருவில், மாலை விளக்கு வைத்த பிறகு கணிப்பொறியின் முன் அமர்வது என் வழக்கம். மைத்துனரின் மஞ்சள் வியாபாரக் கணக்குக்காக ஒரு சிறு நிரலை எழுதித் தரும்படி, உலாவியில் இயங்கும் யந்திரம் ஒன்றை அன்று கேட்டேன். அது மடை திறந்தாற்போல் பொழியத் தொடங்க, பன்னிரண்டாவது வரியில் மூட்டைகளைக் கூட்டும் இடத்தில் ஒரு சந்தேகம் தோன்றி நான் மேலே ஏறிப் பார்த்தால், அடுத்த சொல் பிறந்த க்ஷணமே திரை என்னைக் கீழே இழுத்துப் போயிற்று. மூன்று முறை ஏறினேன். மூன்று முறையும் அதே கதி.

இந்தப் பிடிவாதத்தின் பூர்வோத்தரத்தைத் தேடப் புகுந்தவன், 1963-இல் அமெரிக்காவில் வெளிவந்த டெலிடைப் மாடல் 33 என்னும் யந்திரத்தின் காகிதச் சுருளில் போய் நின்றேன். வினாடிக்குப் பத்து எழுத்து வீதம் அது அடிக்க அடிக்கக் காகிதம் மேலே நகரும். புதிய வரி என்றும் கீழேதான். ஆயினும் யந்திரம் தன் போக்கில் அடித்துக்கொண்டிருக்க, வெளியே வந்து தொங்கும் தாளைக் கையில் தூக்கிப் பழைய வரியைச் சாவகாசமாகப் படிக்கலாமாகையால், அந்த ஓட்டத்தினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. பின்னர் கண்ணாடித் திரை வந்தபோது ஓடும் சம்பிரதாயம் வந்தது, தாள் வரவில்லை. இந்தக் குறையை அக்காலத்தவர் அறியாமலில்லை: 1978-இல் வந்த விடி100 என்னும் முனையத்தின் விசைப்பலகையில், ஓட்டத்தை நிறுத்துவதற்கென்றே ‘நோ ஸ்க்ரோல்’ என்ற விசை ஒன்று இருந்தது, 1981-இல் ஐபிஎம் பிசி ‘ஸ்க்ரோல் லாக்’ விசையோடு வந்தது.

இவ்வளவும் அயல் தேசத்துச் சரித்திரம். எங்கள் ஊர்ச் சரித்திரத்தை எதிர்வீட்டு நண்பர் தற்செயலாகத் திறந்துவிட்டார். மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவர். கோப்பு என்று நாம் சொல்வதைக் கன்னடத்தில் ‘கடத’ என்பார். அச்சொல் எப்படி வந்தது என்று தேடினால், மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810-இல் வெளியிட்ட தென்னிந்திய சரித்திர நூலில் அப்பெயர் தாங்கிய பழைய சாதனத்தின் வர்ணனை கிடைக்கிறது. 12 முதல் 18 அடி நீளமுள்ள பருத்தித் துணி. பசையும் கரித்தூளும் குழைத்து இருபுறமும் பூசி, உலர்ந்தபின், வெட்டாமல் சமமான மடிப்புகளாக மடித்து, இரு முனைகளிலும் வர்ணம் தீட்டிய பலகை பொருத்திய கணக்குப் புத்தகம். எழுதுவது பலப்பத்தால், நாம் பள்ளியில் சிலேட்டில் கிறுக்கிய அதே பலப்பம். பிழையைத் துடைத்துவிட்டு அங்கேயே திருத்தி எழுதலாம்.

சுருளைப் போல் அறுபடாத நீளம், ஆனால் புத்தகத்தைப் போல் எந்த மடிப்பையும் நேரே விரிக்கலாம் என்ற சௌகரியம்! கணக்கர் பதினெட்டாவது அடியில் எழுதிக்கொண்டிருந்தாலும் மூன்றாவது அடியில் விரித்த மடிப்பு தானாக மூடிக்கொள்ளாது. இத்தனை எளிய தர்மத்தை யந்திரம் கற்க என்ன பிரயாசை என்றால், அதிகமொன்றுமில்லை: கீழே இழுக்குமுன், வாசகன் ஏற்கெனவே அடியில்தான் இருக்கிறானா என்று ஒரு நிபந்தனையைச் சோதித்தால் போதும். மேலே புதிதாக ஏதேனும் செருகப்பட்டாலும் படிக்கும் வரி நழுவாதபடி பிடித்துவைக்கும் ஏற்பாட்டைக் குரோம் உலாவி 2017-லேயே பெற்றுவிட்டது. வசதி இருந்தும் உபயோகிக்க மனமில்லாதவர்களை என்னவென்று சொல்வது?

இதையெல்லாம் நண்பரிடம் விவரித்தபோது, அவர் என் பழைய விசைப்பலகையை உற்றுப் பார்த்து, “சார், நீங்க சொன்ன அந்த விசை இங்கேயே இருக்கே” என்றார். ஸ்க்ரோல் லாக்! அழுத்தினேன். மூலையில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது; எழுத்து ஓடிக்கொண்டேயிருந்தது.