புளியங்கட்டை

1977ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், நாகப்பட்டினத்திற்குத் தெற்கே ஒரு பெரும் புயல் கரையைக் கடந்தது. அன்று சாய்ந்த மரங்கள் எண்ணற்றவை. எங்கள் கொல்லையில் பாட்டனார் காலம் முதல் நின்ற புளியமரமும் அவற்றுள் ஒன்று. கிளைகள் சில நாள்களில் விறகாகிவிட்டன. அடிமரத்தை மட்டும் இருவர் இழுக்கும் பெரிய வாளால் 7 துண்டுகளாக அறுத்து, வேலியோரம் உருட்டி வைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் 2 அடி உயரம். ஒருவர் இரு கைகளாலும் அணைக்க இயலாத பருமன்.

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் அடுப்பில் ஈர விறகே எரிந்தது. எரிந்தது என்பதைவிடப் புகைந்தது என்பதே பொருந்தும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை நீராக இருப்பதும் உண்டு. அந்நீர் ஆவியாகும் வரை நெருப்பின் வெப்பம் அதற்கே செலவாகிறது. அன்னையார் ஊதுகுழலை ஊதி ஊதிக் கண் சிவந்து இருமுவார். "இத்தனை பெரிய மரத்தைக் கொல்லையில் போட்டுவிட்டுப் புகையில் வேகிறேனே!" என்று ஒரு நாள் வருந்தினார். முழுக்கட்டையாகக் கிடந்தால் மரத்தின் உள்ளீரம் எளிதில் போகாது. பிளந்து அடுக்கினால்தான் காற்றுப் புகுந்து உலர்த்தும்.

கோடை பிறந்ததும் தந்தையார், விறகு பிளக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கட்டைகளைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, 20 ரூபாய் கூலி கேட்டார். பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அது மிகையாகத் தோன்றியது. "விறகு பிளக்க 20 ரூபாயா? நானே பிளந்துவிடுவேன். இதற்கு என்ன படிப்பா வேண்டும்?" என்று அவர் காதுபடவே கூறினேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் கோடரியைத் தூக்கினேன். 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழியை நம்பி, கட்டையின் நடுவைக் குறிவைத்து ஓங்கி ஓங்கி அடித்தேன். அம்மி நகர்ந்திருக்கும், புளியங்கட்டை அசையவில்லை. ஒரு நாழிகைக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. சினம் கொண்டு முழு வலிமையுடன் ஓர் அடி அடித்தேன். கோடரி ஒரு கணுவில் பட்டுத் துள்ளியது. பக்கவாட்டில் சரிந்து மண்ணில் பாய்ந்தது. அடுப்புப் பற்றவைக்கச் சிராய் பொறுக்கிக்கொண்டிருந்த என் தங்கையின் காலுக்கும் அந்தக் கோடரிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவள் அழவில்லை, நான்தான் நடுங்கினேன்.

அன்று மாலை நானே பெரியவர் வீட்டிற்குச் சென்று, தலைகுனிந்து நின்றேன். "காலையில் வருகிறேன், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அவர் வந்ததும் முதலில் தங்கையைத் திண்ணையில் அமரச் செய்தார். பிறகு கட்டையின் முகத்தைத் துடைத்துக் காட்டினார். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய வெடிப்புகள் ஓடின. மரம் உலரும்போது குறுக்கே சுருங்குவதைவிட வளையத்தின் வழியே ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குகிறது. அதனால் உண்டாகும் வெடிப்புகளே அவை என்பதைப் பிற்காலத்தில் நூல்களில் படித்தேன். பெரியவரோ அதைக் கண்ணால் அறிந்திருந்தார்.

"நடுவில் அடிக்காதே, தம்பி, வைரம் பாய்ந்த இடம் அது. விளிம்பில் தொடங்கு. கணு இருக்கும் பக்கத்தை விட்டு விலகிப் போ. மரம் பிரிகிற வழியில் நாமும் போக வேண்டும்" என்றார்.

விளிம்பை ஒட்டிய வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் மெல்லத் தட்டினார். அது பிடித்துக்கொண்டதும் அதே கோட்டில் இன்னோர் ஆப்பு. இரண்டையும் மாறி மாறி அடித்தார். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே நின்று செவிகொடுத்தார். உள்ளே நார்கள் பிரியும் ஓசை நெறுநெறுவெனக் கேட்டது. விரிந்த பிளவில் ஒரு மர ஆப்பைச் செருகினார். மீண்டும் ஓர் அடி. ஒரு பெரும் பாளம் கழன்று விழுந்தது. இப்படிச் சுற்றிலும் கழித்து, இறுதியில் வைரத்தைப் பிளந்தார். இரண்டு நாள்களில் ஏழு கட்டைகளும் விறகாயின.

தந்தையார் கூலியை என் கையில் கொடுத்து அவரிடம் அளிக்கச் செய்தார். "அன்று நான் பேசியது தவறு, ஐயா" என்றேன். அவர் சிரித்து, கொப்புளித்த என் உள்ளங்கையைப் பார்த்து, "விளக்கெண்ணெய் தடவிக்கொள், தம்பி" என்றார்.

ஐப்பசி மழையில் ஊரெங்கும் அடுப்புகள் புகைந்தபோது, எங்கள் அடுப்பில் புளியவிறகு செந்தணலாய் நின்று எரிந்தது. அன்னையாரின் இருமல் தணிந்தது.

இன்று எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு எரிகிறது; கோடரிக்கு வேலை இல்லை. ஆயினும், உடலுழைப்பால் வாழும் ஒருவர் தம் வேலைக்குக் கூலி சொல்லும்போதெல்லாம், இதற்கு என்ன படிப்பா வேண்டும் என்று நான் கேட்ட கேள்வி என் செவியில் ஒலிக்கிறது. வேண்டும் என்பதே அதற்கு விடை. நான் ஏடுகளைப் படித்திருந்தேன். அவர் மரத்தைப் படித்திருந்தார்.