வாசலில் நிற்பவன்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

மர்மக் கதை என்றால் எனக்கு உயிர். விழுப்புரத்தில் ரயில் ஏறிப் புத்தகத்தைப் பிரித்தால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எதுவும் கண்ணில் படாது. திண்டிவனத்தில் யாராவது தோளைத் தட்டி இறக்கிவிட வேண்டும்.

சுஜாதாவின் கணேஷ், வசந்தையும் ராஜேஷ்குமார் நாவல்களையும் ஒரு சுற்று முடித்தபின், நூலகத்தில் அகதா கிறிஸ்டியின் 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்' கிடைத்தது. 1965இல் வெளிவந்த நாவல். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான், ஆங்கிலம் தகராறு. அகராதியும் கையுமாக இருபது நாள் படித்தேன்.

லண்டனில் ஒரு பணக்கார ஓட்டல். ஊரே மாறியும் அங்கே உபசாரமும் தேநீரும் பழைய காலத்து மேனிக்கு இருக்கின்றன. இத்தனை ஒழுங்கு உண்மையாக இருக்குமா என்று மிஸ் மார்ப்பிள் என்ற மூதாட்டிக்குச் சந்தேகம் தட்டுகிறது. வாசலில் மைக்கேல் கார்மன் என்றொரு காவலன். வந்த பக்கத்திலேயே, 'இவன்தான் குற்றவாளி' என்று நோட்டில் எழுதி வைத்தேன். கடைசியில் ஒரு மூடுபனி இரவில் அவனே சுடப்பட்டுச் சாகிறான். சுட்டது யார் என்று சொல்லமாட்டேன் நண்பர்களே, படித்துப் பாருங்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், என் அண்ணன்.

அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று, சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் ரூம் பாயாகச் சேர்ந்தவன். என் கட்டணமும் ரயில் பாஸும் அவன் சம்பளம். சென்ற ஆண்டு அங்கே தங்கியிருந்த ஒருவரின் மோதிரம் காணாமற்போனது. முதலில் கூப்பிட்டது அண்ணனைத்தான். அவன் சட்டைப்பை, பெட்டி, சாப்பாட்டு டப்பா வரை கொட்டிப் பார்த்தார்களாம். மறுநாள் மோதிரம் அவருடைய பெட்டியிலேயே, காலுறைக்குள் கிடைத்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் அடுத்த அறைக்குக் காப்பி கொண்டுபோனான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா" என்றான் என்னிடம்.

அன்று அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் கார்மனைக் குற்றவாளி என்று எழுதியபோது என்னிடம் என்ன சாட்சி இருந்தது? அவன் கதவு திறந்துவிடுகிறவன், அவ்வளவுதான். செய்முறை வகுப்பில் உப்பைச் சோதிக்காமல் பெயர் எழுதினால் மதிப்பெண் கிடையாது. மனிதனுக்கு மட்டும் நான் சோதிக்காமலே பெயர் எழுதிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்த அண்ணனுக்குக் கதை முழுவதையும் சொன்னேன். கொலையாளி யார் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை.

"அந்த வாட்ச்மேன் செத்ததுக்கு யாரு அழுதாங்கன்னு போட்டிருக்கா?" என்றான்.

அதை நான் கவனித்துப் படிக்கவில்லை. மறுபடி அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறேன்.