மிச்சிகன் ஏரியை வலமாக

மிச்சிகன் ஏரியைச் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான். நான் முதலில் முடிவு செய்வது திசையை. தெற்கு வடக்காக 494 கி.மீ. நீளம் அந்த ஏரி. கோடையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். வலமாகப் போனால், விஸ்கான்சின் கரையில் வடக்கே ஏறும்போதும், எஸ்கனாபாவுக்கு அப்பால் யு.எஸ். 2 நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போதும் காற்று முதுகைத் தள்ளும். மிச்சிகன் கரையில் தெற்கே இறங்கும்போதுதான் முகத்தில் அறையும். இடமாகச் சுற்றினால் லாபம் ஒரு பக்கம், நஷ்டம் இரண்டு பக்கம். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் ஏரியும் நம் ஓரத்திலேயே வரும். (ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அங்கே பிவா ஏரியை இடமாகத்தான் சுற்றச் சொல்வார்கள்.)

இது போதாதென்று ஏரி தன் பங்குக்கும் ஒரு காற்றைக் கிளப்பும். வெயிலில் நிலம் சட்டென்று சூடேறும், தண்ணீர் ஏறாது. நண்பகல் தாண்டினால் குளிர்காற்று கரையேறி வந்து பக்கவாட்டில் தள்ளும். ஜூன் மாதத்தில்கூட, உள்ளே வியர்த்து ஓட்டியவர் கரைச்சாலைக்குத் திரும்பியதும் மேலங்கியைத் தேடுவார். அதனால் நாளின் பெரும்பகுதித் தூரத்தை விடிகாலையிலேயே முடித்துவிடுவேன்.

அடுத்தது, எங்கே வெட்டுவது என்பது. ஏரிச் சுற்றில் பாதி வழியில் முட்டி வலித்தால், போனாலும் திரும்பினாலும் ஒரே தூரம். முழுச் சுற்றுக்கு ஆயிரம் மைலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு விடுப்பு இல்லாதவருக்குக் கைகொடுப்பது எஸ்.எஸ். பேட்ஜர். ரயில் பெட்டிகளைச் சுமக்கக் கட்டி 1953-இல் ஓடத் தொடங்கிய, இன்னும் நிலக்கரியே எரிக்கும் நீராவிக் கப்பல். லடிங்டனிலிருந்து மானிட்டோவாக்குக்கு நான்கு மணி நேரம், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஏரி இரண்டு வட்டங்களாகிவிடும். நான் வடக்கு வட்டத்துக்கே ஓட்டுப் போடுவேன். தெற்கு முனையில் கேரி நகரின் உருக்காலைகளும் லாரிகளும் சைக்கிள்காரனுக்கு ஒன்றும் தருவதில்லை. கப்பல் குளிர்காலத்தில் ஓடாது என்பதால் அதன் அட்டவணையைப் பார்த்த பிறகுதான் விடுப்புக்கே எழுத வேண்டும்.

யு.எஸ். 2-இல் மரம் ஏற்றிய லாரிகள் உரசிப் போகும்; கடைகள் தொலைவு. மெனோமினி மாவட்டத்தைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி முன்னே போய்விடுவதால், திறந்திருக்கும் என்று நம்பிப் போகும் கடை மூடியிருக்கும். இரண்டு வேளைச் சாப்பாடு பையில் இருக்கட்டும்.

மேக்கினா பாலம் எட்டு கிலோமீட்டர். அதில் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை. பாலத்து நிர்வாகமே கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிக் கடத்திவிடும். அப்படியானால் சுற்று முழுமையாகாதே என்று சிலர் வருந்துவார்கள். அந்த உயரத்தின் காற்றைப் பார்த்தால் வருத்தம் போய்விடும். ஏறுமுன் மேக்கினா தீவுக்குப் படகில் போய்வரலாம். மோட்டார் வண்டியே இல்லாத 13 கி.மீ. சாலை அங்கே தீவைச் சுற்றி ஓடுகிறது.

பிறகு எதிர்காற்றுக் கரை. திட்டத்தில் இங்கே மட்டும் நாள்தூரத்தைப் பாதியாக்குவேன். சார்லவா, டிராவர்ஸ் சிட்டி, ஃபிராங்ஃபோர்ட், மானிஸ்டி என்று ஊர்கள் வந்துகொண்டே இருப்பதால் காற்று அடங்காவிட்டால் வந்த ஊரிலேயே தங்கிவிடலாம். ஜூலை என்றால் டிராவர்ஸ் சிட்டியில் செர்ரிப் பருவம். அங்கே ஒரு நாளைக் கூடுதலாகவே போட்டு வைப்பேன்.