ஃபியூஸ் எந்தப் பக்கம்?

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வால்பாறை மலைப்பாதையில் ஏறுகிறவர்களுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளைவிடப் பெரிய கவலை மூடுபனிதான். அட்டகட்டி வரைக்கும் சாலை தெளிவாக இருக்கும். கவர்க்கல் பக்கம் போனதும் பட்டப்பகலிலேயே முன்னால் போகிற பஸ் மறைந்துபோகும். அங்கே ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வந்து, இருந்த பார்வையும் போய்விடும். பம்பரில் தாழ்வாகப் பொருத்தி, சாலையை ஒட்டியே அகலமாக வெளிச்சம் வீசுகிற ஃபாக் லேம்ப் அங்கே அலங்காரப் பொருள் இல்லை. சொந்தபந்தம் பாதி எஸ்டேட் பக்கம் இருப்பதால் எங்கள் காருக்கும் பொள்ளாச்சியில் ஒரு ஜோடி போட்டோம்.

விளக்கு வாங்கும்போது கடையில் நடக்கிற பேச்செல்லாம் எத்தனை வாட்ஸ், மஞ்சளா வெள்ளையா, எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதோடு முடிந்துவிடுகிறது. பானெட்டுக்குள் இருக்கிற பேட்டரியிலிருந்து டேஷ்போர்டில் இருக்கிற சுவிட்சுக்கு ஒயர் எந்த வழியாக வரப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஃபாக் லேம்ப், ஏர் ஹாரன், ஆம்ப்ளிஃபயர் என்று எதைக் கூடுதலாகப் பொருத்தினாலும், பெரும்பாலும் ஒரு ஒயராவது என்ஜின் பக்கத்திலிருந்து நாம் உட்காரும் பக்கத்துக்கு வந்தாக வேண்டும். நடுவில் ஒரு தகடு நிற்கிறது. அந்தத் தகட்டைத் தாண்டுகிற அந்த ஒரே இடத்தில்தான் வேலையின் தரம் தெரியும்.

மெக்கானிக்குகள் ஃபயர்வால் என்று சொல்லும் அந்தத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு. உள்பக்கம் சத்தத்தையும் சூட்டையும் அடக்கக் கனமான மெத்தை ஒட்டியிருக்கும். முன்னால், புகைபோக்கியின் ஆரம்பப் பகுதி நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கிறது. பெட்ரோல் குழாய், ஆயில், பேட்டரி எல்லாம் அந்தப் பக்கம்தான். பின்னால், ஒரு முழ தூரத்தில் நம் பாதங்கள். சூடு, புகை, சத்தம், மழைத்தண்ணீர், தீ ஆகிய ஐந்தையும் அந்தத் தகடு அந்தப் பக்கமே நிறுத்திவைக்கிறது. வண்டி செய்தவர்களும் அதில் துளை போட்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் பூஸ்டர், கிளச் கேபிள், ஏசி குழாய்கள், தலைமை ஒயரிங் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் அவர்கள் போட்ட ஒரு துளைகூட வெறும் துளையாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் விளிம்பை மூடும் ரப்பர் குரோமெட்டோ பூட்டிய தகடோ உண்டு. நாம் சேர்க்கிற துளைக்கும் அதே மரியாதை வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு மில்லிமீட்டர் தகட்டில் துளை போட்டால் அதன் விளிம்பு கத்தி. ஒயரின் பிளாஸ்டிக் உறையும் அதே கனம்தான், பல ஒயர்களில் அதைவிடக் குறைவு. நான்கு சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் 1600 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் என்ஜின் ஒரு துளி அசைகிறது. சிக்னலில் நிற்கும்போதே இந்தக் கணக்கு என்றால், மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது கேட்கவே வேண்டாம். வெறும் விளிம்பின் மேல் கிடக்கும் ஒயர் ஒரே நாளில் அறுந்துவிடாது. மாதக்கணக்கில் மெதுவாகத் தேயும். என்றைக்குத் தேய்ந்து முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேய்ந்து செம்பு தெரிந்ததும் என்ன நடக்கும்? காரின் மொத்த உடலும் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்தது. எர்த் என்று நாம் சொல்வது அதைத்தான். பாசிட்டிவ் ஒயர் தகட்டைத் தொட்ட கணத்தில் விளக்கும் இல்லை, சுவிட்சும் இல்லை, பேட்டரியின் இரண்டு முனைகளும் நேராகச் சேர்ந்துவிடுகின்றன. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூறு, இருநூறு ஆம்பியர் கொடுக்கிற பேட்டரி அது. பத்து ஆம்பியருக்கு வாங்கிய ஒயரில் அத்தனையும் பாய்ந்தால், சில விநாடிகளில் உறை உருகிப் புகைய ஆரம்பிக்கும். மேலே ஒட்டியிருக்கும் மெத்தையும் பக்கத்தில் ஓடும் மற்ற ஒயர்களும் அதற்கு விறகு.

இங்கேதான் ஃபியூஸ் வருகிறது, பலருக்கும் குழப்பமும் இங்கேதான் வருகிறது. விளக்கைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று நினைத்து, கைக்கு எட்டுகிற இடமாக டேஷ்போர்டுக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் தகட்டில் ஒயர் தேய்வது ஃபியூஸுக்கு முன்னால். மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, தேய்ந்த இடத்திலேயே தகட்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஃபியூஸ் வரை அது வருவதே இல்லை. அந்தப் பக்கம் ஒயர் எரிகிறது, இந்தப் பக்கம் ஃபியூஸ் புத்தம் புதிதாக இருக்கிறது.

எங்கள் வண்டிக்கு வேலை செய்த எலக்ட்ரீஷியன் வயதானவர். அம்பாசடர் காலத்திலிருந்து தோட்டத்து ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் ஒயரிங் செய்தவர். ஃபியூஸை உள்ளே வைத்தால் மாற்றச் சுலபமாக இருக்குமே என்று கேட்டேன். “ஃபியூஸு லைட்டக் காப்பாத்தறதுக்கு இல்லீங்க, ஒயரக் காப்பாத்தறதுக்கு. ஒயரு எங்கிருந்து கெளம்புதோ அங்கயே போடோணும்” என்றார். பேட்டரி முனையிலிருந்து ஒரு ஜாணுக்குள் ஃபியூஸ் ஹோல்டரைப் பூட்டினார். கார் ஆடியோ தொழிலில் 18 அங்குலத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அவர் அளந்து பார்க்கவில்லை, அளக்காமலே அந்த எல்லைக்குள் நின்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 55 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 110 வாட்ஸ். 12 ஆல் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலே இல்லாமல், சுவிட்ச் வழியாகவே இதைக் கொடுத்தால், கனமான பாசிட்டிவ் ஒயர் ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வந்து, மறுபடி தாண்டி வெளியே போக வேண்டும். ஆபத்தான இடத்தை இரண்டு தடவை கடக்கிற வேலை. சின்ன சுவிட்சும் சூடேறி உருகும். அவர் ரிலேயை என்ஜின் பக்கமே பூட்டினார். ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். எந்தக் கம்பெனி ரிலேயிலும் இந்த எண்களுக்குப் பொருள் ஒன்றே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வந்த ஒயர் 30-க்கு. விளக்குக்குப் போவது 87-இல். கனமான மின்சாரம் அத்தோடு சரி, முன்பக்கமே சுற்றி முன்பக்கமே முடிந்துவிட்டது.

மிச்சம் இருப்பது 85, 86 என்ற இரு முனைகளுள்ள ரிலேயின் காயில். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. காயிலின் ஒரு முனைக்கு பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து பாசிட்டிவ் எடுத்தார். கம்பெனி போட்ட ஃபியூஸ் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது, அந்த ஒயரும் பானெட்டுக்குள்ளேயே இருக்கிறது. மறுமுனையிலிருந்து ஒரே ஒரு மெல்லிய ஒயர் மட்டும் உள்ளே வந்து, சுவிட்ச் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் உடலோடு எர்த் ஆனது. சுவிட்சைப் போட்டால் காயிலுக்கு எர்த் கிடைக்கும், விளக்கு எரியும்.

இதில் என்ன விசேஷம் என்று அவரே சொன்னார். “இந்த ஒயரு தேஞ்சு பாடியில பட்டா என்ன ஆகும்? எர்த்துதான் ஆகும். சுவிட்சும் அந்த வேலையத்தான செய்யுது? பார்க்கிங் லைட்டு போட்டா ஃபாக் லேம்ப்பும் தானா எரியும், அவ்வளவுதானுங்க. வண்டி எரியாது.” அந்த விளக்கத்தைக் கேட்டபோது எனக்குப் பெரிய மரியாதை உண்டானது. ஒயர் ஒருநாளும் தேயாது என்று நம்பி அவர் வேலை செய்யவில்லை. தேய்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அது தீயாக இல்லாமல் விளக்காக முடிகிற மாதிரி ஒயரை அமைத்தார். பெரிய பொறியாளர்கள் விமானத்துக்கும் ரயில் சிக்னலுக்கும் கடைப்பிடிக்கிற கொள்கை இது. அதை ஒரு ரிலேயில், சில நூறு ரூபாய்ப் பொருளில், பட்டறை வாசலில் அவர் செய்து காட்டினார்.

இத்தனைக்குப் பிறகும் அந்த மெல்லிய ஒயரை அவர் கண்டபடி நுழைக்கவில்லை. கிளச் பெடலுக்கு மேலே தலைமை ஒயரிங் நுழைகிற பெரிய ரப்பர் குரோமெட்டை டார்ச் அடித்துத் தேடினார். பல வண்டிகளில் அந்த ரப்பரிலேயே பின்னால் தேவைப்படும் என்று மூடிய காம்பு ஒன்றிரண்டு விட்டிருப்பார்கள். அதன் நுனியை மட்டும் வெட்டினார். முனை மழுக்கிய ஜி.ஐ. கம்பியில் ஒயரை டேப்பால் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, என்ஜின் பக்கமிருந்து மெல்லத் தள்ள, உள்ளே படுத்திருந்த பையன் “வந்துருச்சுண்ணா” என்று இழுத்தான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி வழி செய்கிறவர்கள் உண்டு. அந்த ரப்பருக்குள் ஓடும் கம்பெனி ஒயர்களில் எது குத்துப்பட்டது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஒயரை என்ஜின் பக்கம் நேராக இழுத்துக் கட்டாமல், துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினார். மழைத்தண்ணீர் ஒயர் வழியே வழிந்து வந்தால் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு போல மழை கொட்டுகிற இடங்களுக்குப் போகும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. துளையின் ஓரத்தைக் கடைசியில் சிலிகான் வைத்து மூடினார். தண்ணீரோடு எலிக்கும் சேர்த்துத்தான். நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்த கதை இல்லாத தெரு நம் ஊரில் ஏது? அது உள்ளே வர விரல் பருமன் ஓட்டை போதும்.

கனமான மின்சாரம் உள்ளே வந்தே தீர வேண்டிய வேலையும் உண்டு. டிக்கியில் வைக்கிற ஆம்ப்ளிஃபயருக்குச் சுண்டுவிரல் கனத்தில் கேபிள் ஃபயர்வாலைத் தாண்டித்தான் போகும். அதற்குக் கம்பெனி குரோமெட்டில் இடம் இருக்காது. இருங்காட்டுக்கோட்டை போன்ற இடங்களில் தயாராகும் கார்கள் இடப்பக்க ஸ்டீயரிங் நாடுகளுக்கும் போவதால், சில மாடல்களில் மறுபக்கத்துக்கான துளையும் தகட்டிலேயே இருந்து, ரப்பர் மூடியால் அடைபட்டிருக்கும். முதலில் அதைத் தேட வேண்டும். டிரில் எடுப்பது கடைசி வழி. தகட்டுக்குப் பின்னால் ஏசி பெட்டியா, ஒயரிங் கட்டா, பிரேக் சம்பந்தப்பட்ட பாகமா என்று இரண்டு பக்கமும் கண்ணால் பார்க்காமல் டிரில்லை வைக்கவே கூடாது. துளை போட்டபின் பிசிறை அரத்தால் ராவி, துருப்பிடிக்காமல் பெயின்ட் தொட்டு, கேபிளுக்கு ஏற்ற குரோமெட் மாட்டிய பிறகுதான் கேபிள் உள்ளே போக வேண்டும்.

ஃபியூஸின் அளவையும் ஒயர்தான் தீர்மானிக்கிறது. நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகுகிறார்கள். மின்சாரம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகினால் அப்புறம் ஒயரேதான் ஃபியூஸ். ஃபியூஸ் போவது ஒரு தகவல். எங்கோ தேய்கிறது என்று அது சொல்கிறது. அதைக் கேட்க வேண்டும், வாயை அடைக்கக் கூடாது.

ஃபயர்வாலைத் தாண்டாமலே முடிகிற வேலைகளும் இருக்கின்றன. டேஷ் கேமராவுக்கு உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். புதிய கார்களில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒயர்களும் அதே ஒயரிங் கட்டுக்குள்ளேயே ஓடுவதால், எதையோ உரித்து எதிலோ முறுக்குகிற பழைய பழக்கம் செல்லாது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற உறையோடு ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அதன் பக்கம் பயிற்சி இல்லாத கை போகவே கூடாது.

கூடுதலாக எதையும் பொருத்தாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கவர்க்கல்லில் எங்களுக்கு அந்த விளக்கு தேவைப்படுகிறது, உங்களுக்கு வேறொன்று தேவைப்படலாம். வேலை முடிந்ததும் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள். ஃபியூஸ் எந்தப் பக்கம் இருக்கிறது? ஒயர் எந்தத் துளையில், எந்த ரப்பர் வழியாக உள்ளே போகிறது? அந்த ஒயர் தேய்ந்து தகட்டில் பட்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் நின்று பதில் சொல்கிறவர் நல்ல தொழில்காரர். அவர் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.