எழுபது எழுத்துக்குள் ஒரு துணை

மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணுக்கு அறுவை முடிந்து, மருந்தேற்றம் முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பும் நாளை உற்றாரும் ஊராரும் விடுதலை நாளாகவே கொண்டாடுகின்றனர். நன்றித் திருப்பலிக்கு நம்மிடம் பெயர் எழுதித் தருகின்றனர். அத்தகைய திருப்பலிகளில் பீடத்திலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தை நாம் கவனிப்பதுண்டு. கணவர் முகத்திலும் பிள்ளைகள் முகத்திலும் தெரியும் நிம்மதி அந்த முகத்தில் முழுமையாக இருப்பதில்லை. ஓராண்டுக் காலமாக ஏதேனும் ஒரு மருத்துவரோ செவிலியரோ அவருடைய உடலைக் கவனித்துக்கொண்டே இருந்தனர். நாளை முதல் அப்படி யாரும் இல்லை. கையில் ஒரு மாத்திரைப் பட்டை, ஒரு மறுவருகைச் சீட்டு, அவ்வளவே.

நோயின் உச்சத்தில் சொல்வதற்குத் திருச்சபையிடம் சொற்கள் உண்டு. முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்று வழங்கி, சாவின் வாசலில் மட்டுமே நினைக்கப்பட்ட அருட்சாதனம், 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சீர்திருத்தத்திற்குப் பின் நோயில் பூசுதலாக விரிந்தது. ஆயினும் நோய் போய்விட்டதா, போகவில்லையா என்று தெரியாமலே பிழைத்திருக்கும் அந்த நடுவாண்டுகளில் துணைக்கு நிற்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உருவாகவில்லை என்றே எண்ணுகிறோம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டிலும் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. நடுவாண்டுகளில் வாழ்வோர் நம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர்.

அவர்களுக்கு அந்த ஆண்டுகளில் வேலை நிரம்ப உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரின் தூண்டுதலால் வளரும் வகைக் கட்டியாயின், டாமோக்சிஃபென் போன்றதொரு மாத்திரையை நாள் தவறாமல் 5 ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும். சிலருக்கு அது 10 ஆண்டுகள் வரை நீள்கிறது. விழுங்குவது எளிது. ஆனால் நள்ளிரவில் உடலெங்கும் அனல் எழும். வியர்வையில் தலையணை நனையும். வேறு சில மாத்திரைகளால் மூட்டுகள் நோகும், எலும்பு தேயும். கட்டி இருந்த காலத்தில் அது பலருக்கு வலித்ததே இல்லை. அது திரும்பாமல் காக்கும் மருந்தோ இரவுதோறும் உறுத்துகிறது. ஆகவே பலர் இடையிலேயே, வீட்டாரிடமும் சொல்லாமல், மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர்.

இதனோடு நடை வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடமாவது உடல் சற்று வேர்க்கும்படி நடப்பது நல்லது என்கின்றனர். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பக்கத்துக் கை வீங்கிவிடாமல் காக்க வேண்டும். இந்தக் கை விஷயத்தில் நம் ஊர்களில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. "அந்தக் கையால ஒரு செம்புத் தண்ணிகூடத் தூக்காதே" என்று மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை சொல்வர். 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, ஏற்கெனவே கை வீக்கமுள்ள 141 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டது. பயிற்றுநரின் மேற்பார்வையில் மிகச் சிறிய எடையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றிச் சென்றவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று அது கண்டது. கையை அடியோடு முடக்கிவைப்பது மருந்தாகாது. மருத்துவரைக் கேட்டு, முறையாகப் பழக்குவதே நன்று.

தொலைவிலிருந்து உடல்நல அறிவுரை எழுதி அனுப்புவது புதிய வழக்கமன்று. பவுலடியார் பெயரில் வழங்கும் மடலில், வயிற்றுக்காகச் சிறிது திராட்சை இரசம் அருந்துமாறு திமொத்தேயுவுக்கு அறிவுரை வருகிறது. அம்மடலை எழுதியவர் பவுலேதானா என்று குருமடத்தில் நாம் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. ஒரு முதியவர் ஓர் இளைஞனின் வயிற்று வலியை நினைவில் வைத்து எழுதினார் என்பதை அந்நாளில் அதிகம் பேசவில்லை. (மார்பகப் புற்றுநோய் கண்டோர் மது அருந்தாதிருப்பதே நல்லதென்பது இன்றைய மருத்துவம். திமொத்தேயுவின் அறிவுரையை அவர்களுக்கு எடுத்து நீட்ட வேண்டாம்.)

நம் இளமையில் மருத்துவமனையிலிருந்து அஞ்சலட்டை வரும். நம் பெரியம்மாவுக்கு அப்படி வரும்: இன்ன தேதியில் மறு பரிசோதனைக்கு வரவும் என்று இரண்டு வரி. தபால்காரர் படிப்பார், திண்ணையில் இருப்போரும் படிப்பர். பெரியம்மாவுக்குத் தெரியும் முன்னரே தெருவுக்குத் தெரிந்துவிடும். கைப்பேசிக் குறுஞ்செய்தியும் அந்த அஞ்சலட்டையின் வழித்தோன்றலே. 1985-இல் ஃபிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் தட்டச்சுப் பொறியில் மனம்போனபடி வாக்கியங்களை அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்து, ஒரு செய்திக்கு 160 எழுத்து போதும் என்று முடிவுகட்டினார். அஞ்சலட்டைகளில் மக்கள் எழுதுவது பெரும்பாலும் 150 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதும் அம்முடிவுக்கு ஆதரவாயிற்று. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்ட முதற் குறுஞ்செய்தி கிறிஸ்து பிறப்பு வாழ்த்தாக அமைந்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இச்சிறு கருவியைக் கொண்டு, சிகிச்சை முடித்த பெண்களுக்குத் துணைநிற்க இயலுமா என்று வெளிநாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 160 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் 6 மாதங்கள், வாரத்திற்கு 4 செய்திகள் அனுப்பினர். நடை, உணவு, மாத்திரை, மனநிலை ஆகியவை பற்றிய செய்திகள் அவை. மருத்துவர்களோடு, அந்நோயைக் கடந்து வந்த பெண்களும் உடனிருந்து அவற்றை உருவாக்கினர். என் உடலை நானே பேணிக்கொள்வேன் என்னும் தன்னம்பிக்கையில் இரு பிரிவினருக்கும் இறுதியில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் மாத்திரையைத் தவறவிட்டதாகச் சொன்னவர்கள், செய்தி பெற்றோரிடையே வெகு குறைவு. 2020-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வோ வேறு கதை சொல்கிறது. அங்கே 724 பெண்கள். செய்தி பெற்ற பிரிவினருக்கு வாரம் இருமுறை வீதம் 36 மாதங்கள் செய்தி சென்றது. அவர்கள் வாய்மொழியை மட்டும் நம்பாமல், சிறுநீரைச் சோதித்து மாத்திரை உட்கொண்டனரா என்று பார்த்தனர். செய்தி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், செய்தி போய்ச் சேர்வது வேறு, துணை போய்ச் சேர்வது வேறு என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் பங்கில் தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரி இதை நம்மினும் நன்றாகச் சொன்னார். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். இரவு வெப்பத்தில் உறக்கம் கெட்டு, பகலில் தையற்பொறியின் முன் கண் செருகியதே காரணம். சிகிச்சை பெற்ற இடத்திலிருந்து கணிப்பொறி வாரந்தோறும் அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது: மருந்து உட்கொண்டீர்களா, மறவாதீர். கன்னியர் மடத்து மருந்தகத்தில் செவிலியராகப் பணிபுரியும் அருட்சகோதரி அதைச் சுட்டிக் காட்டியபோது அவர் சொன்னார்: "அது என்னையக் கேக்குது, சிஸ்டர். நான் சொன்னா அது கேக்குமா?"

கேட்டல் என்னும் ஒரே சொல்லுக்கு வினவுதல், செவிமடுத்தல் என இரு பொருளையும் வைத்த நம் முன்னோர் அறிவுடையோரே.

அருட்சகோதரி அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. இரவில் உட்கொண்ட மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் என்று மாற்றினார். வெப்பத்தைத் தணிக்க வேறு சில வழிகளும் சொன்னார். வெப்பம் அறவே நின்றுவிடவில்லை. ஆயினும் அந்தச் சகோதரி மாத்திரையை மீண்டும் தொடங்கினார். அதன்பின் மருந்தகத்தில் பழைய கைப்பேசி ஒன்று இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நம் பங்கிலும் சுற்றுப்புறத்திலுமாக ஒன்பது பெண்கள். அவர்களுள் நால்வர் கத்தோலிக்கர் அல்லர். செய்திகளின் உட்பொருளை மருத்துவர் பார்த்து ஒப்புகிறார். பதில்களை அருட்சகோதரி மாலைதோறும் படிக்கிறார். நம் பங்கு, எழுத்தை எண்ணுவது.

எண்ணுவது என்று சொன்னதில் பொருளுண்டு. ஆங்கிலத்திற்கு 160 இடம் தரும் அதே குறுஞ்செய்தி தமிழுக்கு 70 இடமே தருகிறது. அதிலும் கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் கேட்கிறது. 'அம்மா' என்னும் 3 எழுத்துச் சொல் அதன் கணக்கில் 5; 7 எழுத்துள்ள 'நடைப்பயிற்சி' 12. வரம்பைக் கடந்தால் ஒரு செய்தி இரண்டாகி, கட்டணமும் இரண்டாகிறது. எங்கிருந்தோ கிடைத்த துண்டறிக்கையில், மிதமான உடலுழைப்புச் செயல்பாடுகளை மேற்கொள்ளவும் என்று இருந்தது. அதைப் படித்த பெண்ணொருவர், "சாமி, இது கலெக்டர் ஆபீசுலருந்து வந்த மாதிரி இருக்கு" என்றார். ஆகவே செய்திகளை அப்பெண்களே சொல்கின்றனர். நாம் எழுதி எண்ணுகிறோம். தையற்காரச் சகோதரி சொல்லி எழுதிய செய்தி இது:

ராத்திரி எரிச்சலா அக்கா? மாத்திரையை நிறுத்தாதீங்க. எனக்குச் சொல்லுங்க.

இடைவெளியும் புள்ளியும் உட்பட இது மிகச் சரியாக 70. நாம் எண்ணிச் சொன்னபோது அவர், அளவெடுத்துத் தைத்த இரவிக்கை பொருந்தியது போல மகிழ்ந்தார்.

யாருடைய கைப்பேசிக்கு இது போகிறது என்பதே எஞ்சிய பெருங்கவலை. ஒன்பது பேரில் மூவருக்குத் தமக்கென்று கைப்பேசி இல்லை. ஒருவருடையது மகனின் சட்டைப் பையில் பகலெல்லாம் ஊர் சுற்றுகிறது. மருமகளுக்கு ஒரு மார்பு இல்லை என்பது அவர் புகுந்த வீட்டின் பாதிப்பேருக்குத் தெரியாது என்றார் மற்றொருவர். பெரியம்மாவின் அஞ்சலட்டையே நம் நினைவுக்கு வந்தது. ஆகவே எச்செய்தியிலும் நோயின் பெயர் வராது. மார்பு என்னும் சொல்லும் வராது. மகனின் பையிலுள்ள கைப்பேசிக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் அனுப்புகிறோம். அப்போதுதான் அது மின்னேற்றத்திற்காக அடுக்களைப் பக்கம் வருகிறதாம். எழுதப்படிக்கத் தெரியாத முதியவர் ஒருவருக்கு அருட்சகோதரி பேசியே சொல்லிவிடுகிறார்.

வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே எழுத்து: ம். இயந்திரம் அதை 2 என்று எண்ணும். சிலர் அதுவும் இன்றி ஒரு தவறிய அழைப்போடு நிறுத்திக்கொள்வர். அருட்சகோதரி ஒரு பள்ளி நோட்டில் கோடு கிழித்து, பெயருக்கு நேரே அந்த 'ம்'மைக் குறித்துவைக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து கட்டம் வெறுமையாயிருந்தால், மற்ற பெண்களில் இருவர் மாலையில் அந்தத் தெருப்பக்கம் நடந்து போகின்றனர். அந்த நடையையும் வாரத்து 150 நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டிருக்கின்றனர். சேர்த்துக்கொள்ளலாம் என்று அருட்சகோதரி எழுதி அனுப்பியிருக்கிறார்.